மவுண்ட் அடிக்கிற காலம் மலையேறிப் போச்சு

திருவண்ணாமலைக்காரன்கிட்ட வந்து "மவுண்ட் பண்ணு"ன்னு சொன்னா அவன் மலையைத்தான் நினைப்பான். எங்க ஊருக்கு ஒரே மவுண்ட்தான். அதைச் சுத்த 14 கிலோமீட்டர் நடக்கணும். நடக்கறதுல புண்ணியம் இருக்கு, நடக்கறோம். ஆனா ஒரு பென் டிரைவைச் செருகிட்டு அதுக்குள்ள இருக்கிற கல்யாணப் பத்திரிகை ஃபைலைப் பார்க்கவும் ஒரு கிரிவலம் போயிட்டு வரணும்னு சொல்ற கோஷ்டி ஒண்ணு லினக்ஸ் உலகத்துல இன்னும் இருக்கு பாருங்க, அவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

கோஷ்டி ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு, "கமாண்ட் அடிக்கத் தெரியாதவனுக்கு லினக்ஸ் எதுக்கு?"ன்னு கேக்கிற பண்டிதர் கோஷ்டி. இன்னொண்ணு, "தானா மவுண்ட் ஆனா ஆபத்து, அணைச்சு வை"ங்கிற பாதுகாப்புக் கோஷ்டி. ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா இருக்கிற ஒரு வசதியைத் திட்டிக்கிட்டே, நிஜமா பழுது இருக்கிற இடத்தை விட்டுட்டாங்கங்கிறதுதான் என் கட்சி. ஒவ்வொண்ணா வர்றேன்.

முதல்ல, தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. விண்டோஸ்ல ஒவ்வொரு டிரைவுக்கும் சி, டி, ஈன்னு ஒரு எழுத்து. யூனிக்ஸ் வம்சத்துல அப்படிக் கிடையாது. எல்லாம் ஒரே மரம். புதுசா ஒரு டிஸ்க் வந்தா, அந்த மரத்துல ஏதாவது ஒரு கிளையில கொண்டுபோய் ஒட்டணும். அந்த ஒட்டுறதுதான் மவுண்ட். தமிழாக்கம் பண்ணினவங்க 'ஏற்று'ன்னு போட்டிருக்காங்க, பொருத்தமான வார்த்தை. 1971-ல வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டுலயே இந்தக் கமாண்ட் இருக்கு. அப்போ டிஸ்க்னா கம்ப்யூட்டர் அறைக்குள்ள இருக்கிற பெரிய சாமான். அதை மாட்டவும் கழட்டவும் ஆபரேட்டர்னு தனியா ஒருத்தர் இருப்பார். அவர் கையால கமாண்ட் அடிச்சதுல நியாயம் இருந்துச்சு.

2000-ல பென் டிரைவ் விற்பனைக்கு வந்ததும் அந்த நியாயம் போச்சு. ஆபரேட்டரும் போயிட்டார், டிஸ்க்கும் சட்டைப்பைக்குள்ள வந்துடுச்சு. ஆனா லினக்ஸ்ல இன்னும் சில வருஷம் பழைய சடங்குதான். ரூட்டா மாறு, குச்சி எஸ்டிஏ1-ஆ எஸ்டிபி1-ஆன்னு தேடு, எம்என்டி அடைவுக்குள்ள ஒரு காலி அடைவு உருவாக்கு, மவுண்ட் அடி. மாண்ட்ரேக்காரங்க சூப்பர்மவுண்ட்னு ஒண்ணு வச்சு சமாளிச்சாங்க. 2003-ல கிரெக் குரோ-ஹார்ட்மன் யுடெவ் கொண்டுவந்தார். 2004-ல ராபர்ட் லவ் 'புராஜெக்ட் யுடோபியா'ன்னு ஒரு முயற்சியை ஆரம்பிச்சார். கெர்னல், ஹால், டெஸ்க்டாப் மூணும் ஒண்ணோட ஒண்ணு பேசினா, செருகின கருவி தானா வேலை செய்யணும்ங்கிறதுதான் குறிக்கோள். அந்த வருஷம் செப்டம்பர்ல வந்த க்னோம் 2.8-ல இது சேர்ந்துச்சு. அடுத்த மாசமே க்னோம் 2.8-ஓட உபுண்டுவின் முதல் வெளியீடு வந்தது. பிற்பாடு ஹால் போய் யுடிஸ்க்ஸ் வந்தது. ஆக, செருகினா ஏறும்ங்கிறது 20 வருஷத்துக்கும் மேலான பழைய கதை மக்களே. இன்னைக்கும் சில பேர் அதைப் புதுமோகம்னு பேசறதுதான் தாங்கல.

இப்போ பண்டிதர் கோஷ்டி. "கையால மவுண்ட் பண்ணினாத்தான் உள்ளே என்ன நடக்குதுன்னு புரியும்"பாங்க. புரிய ஆசைப்படறவன் புரிஞ்சுக்கட்டும், யார் வேண்டாம்னா? ஆனா எங்க ஊர் தேரடி வீதி, சன்னதித் தெரு பக்கம் இருக்கிற ஒரு ஜெராக்ஸ் கடையில போய் நின்னு பாருங்க. பவுர்ணமி அன்னைக்கு. கல்லாவுல இருக்கிறவர் கையில அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பென் டிரைவ். ஒருத்தருக்கு ஆதார் பிரதி, இன்னொருத்தருக்கு பரீட்சை விண்ணப்பம், மூணாவது ஆளுக்கு பிளக்ஸ் பேனர் டிசைன், செங்கம் ரோடு பக்கமிருந்து வந்த வெள்ளைக்காரருக்கு விமான டிக்கெட். இவர் ஒவ்வொரு குச்சிக்கும் டெர்மினலைத் திறந்து கமாண்ட் அடிக்கணுமாம். அடிச்சா வரிசை ராஜகோபுரம் வரைக்கும் நிக்கும்.

நேர விரயம்கூட பரவாயில்ல. இந்தப் பண்டிதர்கள் வாயைத் திறக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அவங்க சொல்லிக்கொடுக்கிற 'சூடோ மவுண்ட்' பாதுகாப்புல தானியங்கி முறையைவிட மட்டம்! யுடிஸ்க்ஸ் ஒரு குச்சியை ஏற்றும்போது நோசூயிட், நோடெவ் ரெண்டையும் கண்டிப்பா சேர்த்துத்தான் ஏற்றும். குச்சிக்குள்ள யாராவது ரூட் அதிகாரத்தோட ஓடற மாதிரி ஒரு நிரலை முத்திரை குத்தி வச்சிருந்தா, அந்த முத்திரை இங்க செல்லாதுன்னு அர்த்தம். வெறுமனே சூடோ மவுண்ட் அடிச்சா இந்தப் பூட்டு எதுவும் கிடையாது. எக்ஸ்ட்4 குச்சியில அப்படி ஒரு நிரல் இருந்தா, முத்திரை செல்லுபடியாகும். ஃபேட் குச்சியா இருந்தா வேற தொல்லை. எல்லாக் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தமா ஏறும், சாதாரணப் பயனர் எழுத முடியாது. உடனே அவர் என்ன பண்ணுவார்? கோப்பு மேலாளரையே சூடோ போட்டுத் திறப்பார். இதுக்குப் பேர் பாடமா? வீட்டுச் சாவியை வாசப்படியில வச்சுட்டுப் போகக் கத்துக்கொடுக்கிற வேலை.

அதுமட்டுமில்ல, யாருக்கு ஏற்ற அனுமதி உண்டுங்கிறதும் யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க. பொட்டி முன்னாடி உட்கார்ந்திருக்கிறவர் குச்சியைச் செருகினா கடவுச்சொல் கேக்காது. எங்கிருந்தோ எஸ்எஸ்எச் வழியா உள்ளே வந்தவர் அதே வேலையைப் பண்ணினா நிர்வாகியோட கடவுச்சொல் கேக்கும். கையால சூடோ அடிக்கிறவன் இந்த வித்தியாசமெல்லாம் பார்ப்பானா?

அடுத்தது பாதுகாப்புக் கோஷ்டி. இவங்க பயத்துக்குக் காரணம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. விண்டோஸ் 95-ல ஆட்டோரன்னு ஒரு வசதி வந்துச்சு. சிடியைப் போட்டா அதுக்குள்ள இருக்கிற நிரல் தானா ஓடும். சிடி இருந்த வரைக்கும் சரி. பென் டிரைவ் காலத்துல அது வைரஸுக்கு விரிச்ச ரத்தினக் கம்பளம். 2008 கடைசியில ஆரம்பிச்ச கான்ஃபிக்கர் அப்படியும் பரவுச்சு. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்கள்ல ஆட்டோரன் வைரஸ் இல்லாத குச்சியே கிடையாதுங்கிற காலம் ஞாபகம் இருக்கா? அதே 2008-ல அமெரிக்க ராணுவமே தன் கம்ப்யூட்டர்கள்ல யுஎஸ்பி குச்சிக்குத் தடை போட்டுச்சு. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-ல குச்சிகளுக்கு அதை நிறுத்தி, 2011 பிப்ரவரியில எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அப்டேட் அனுப்பித்தான் அடங்குச்சு. நடுவுல 2010-ல ஸ்டக்ஸ்நெட். அதுக்கு ஆட்டோரன்கூடத் தேவைப்படல. அடைவைத் திறந்து ஐகானைப் பார்த்தாலே போதும், வேலை முடிஞ்சது.

இதெல்லாம் உண்மை. ஆனா இதுல எது 'ஏற்றினதால' வந்த வினை? இங்கதான் கோஷ்டி குழப்பிக்குது. மூணு வேலைகளைத் தனித்தனியா பிரிச்சுப் பாருங்க:

ஒண்ணு, ஏற்றுவது. குச்சியை மரத்துல ஒட்டறது.
ரெண்டு, காட்டுவது. கோப்பு மேலாளர் தானா திறந்து, ஒவ்வொரு கோப்புக்கும் குட்டிப் படம் போட்டுக் காட்டறது.
மூணு, ஓட்டுவது. உள்ளே இருக்கிற நிரலை இயக்கறது.

கான்ஃபிக்கர் பயன்படுத்தினது மூணாவதை. ஸ்டக்ஸ்நெட் ரெண்டாவதை. லினக்ஸும் இதுல உத்தமப் பத்தினி இல்ல. 2011 ஜனவரியில ஷ்மூகான் மாநாட்டுல ஜான் லாரிமர்ங்கிறவர், திரை பூட்டியிருக்கிற உபுண்டு 10.10-ல ஒரு குச்சியைச் செருகி, குட்டிப் படம் போடற நிரல்ல இருந்த ஓட்டை வழியா பூட்டைத் திறந்து காட்டினார். அதுவும் ரெண்டாவது வேலைதான். அதுக்கப்புறம் என்ன ஆச்சு? க்னோம், திரை பூட்டியிருந்தா புதுசா செருகினதை ஏற்றாம காத்திருக்க ஆரம்பிச்சுது. 2017-ல க்னோம் 3.26 வந்தப்போ குட்டிப் படம் போடற நிரல்களைத் தனிக் கூண்டுக்குள்ள அடைச்சாங்க. இதுதான் சரியான வைத்தியம். காலில முள் குத்தினா முள்ளை எடுக்கணும், காலை எடுக்கக்கூடாது.

"பேட் யுஎஸ்பி இருக்கே?"ன்னு கேப்பீங்க. 2014-ல கார்ஸ்டன் நோலும் ஜேகப் லெல்லும் காட்டினது. பென் டிரைவ் மாதிரி இருக்கிற சாமான், தன்னை ஒரு கீபோர்டுன்னு சொல்லிக்கிட்டு தானே டைப் அடிக்கும். பயங்கரமான விஷயம்தான். ஆனா கீபோர்டை யாரும் மவுண்ட் பண்றதில்லையே ஐயா! தானியங்கி ஏற்றத்தை அணைச்சு வச்சாலும் அது டைப் அடிச்சுட்டுத்தான் இருக்கும். அதுக்கு யுஎஸ்பிகார்டு மாதிரி வேற காவல் வேணும்.

ஒரு வாதம் மட்டும் நிஜமாவே கனமானது. கோப்பு முறைமை நிரல்கள் கெர்னலுக்குள்ளேயே ஓடுது. வேணும்னே கோணலா தயாரிச்ச குச்சியைப் படிக்கும்போது கெர்னலே தடுமாறலாம். அந்த நிரல்களை எழுதறவங்கள்லயே பல பேர், நம்பிக்கை இல்லாத இமேஜை ஏற்றறதுக்கு நாங்க உத்தரவாதம் தர முடியாதுன்னு பல வருஷமா சொல்றாங்க. 2025 ஜூன்ல குவாலிஸ் வெளியிட்ட சிவிஇ-2025-6019-ஐயும் இதோட சேர்த்துப் பேசறாங்க. ஒரு எக்ஸ்எஃப்எஸ் இமேஜை வச்சு, யுடிஸ்க்ஸ் வழியா, சாதாரணப் பயனர் ரூட் ஆகிடலாம். ஆனா அங்க தப்பு எங்க இருந்துச்சு? பின்னணியில தற்காலிகமா ஏற்றினப்போ அந்த நோசூயிட் பூட்டைப் போட மறந்ததுல. அதாவது தானியங்கி முறை வழக்கமா போடற பூட்டு இல்லாததால வந்த வினை. பூட்டு ஏன் வேணும்ங்கிறதுக்குத்தான் அது சாட்சி.

கெர்னல் தடுமாறும்ங்கிற பயத்துக்கும் மருந்து கையால ஏற்றறது இல்ல. கமாண்ட் அடிச்சாலும் அதே கெர்னல், அதே நிரல், அதே கோணல் குச்சி. சரியான மருந்து சூசேக்காரங்க பண்ற மாதிரி, யாரும் சீந்தாத பழைய கோப்பு முறைமைகள் தானா ஏறாம தடுத்து வைக்கிறது. ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் ஏறட்டும். கடைக்கு வர்ற குச்சிகள்ல முக்கால்வாசி இதுதான்.

சரி, ரெண்டு கோஷ்டியையும் வாரியாச்சு. நிஜமான பழுது எங்கன்னு கேட்டீங்கன்னா, இறக்கறதுல இருக்கு. ஏற்றறதைத் தானியங்கி ஆக்கினவங்க இறக்கறதை மட்டும் பழைய ஆபரேட்டர் காலத்துலயே விட்டுட்டாங்க.

லினக்ஸ்ல ஒரு கோப்பைக் குச்சிக்கு நகலெடுக்கும்போது அது முதல்ல ரேமுக்குத்தான் போகுது. அங்கிருந்து சாவகாசமா குச்சிக்கு. கெர்னலோட இயல்பு அமைப்புப்படி 30 விநாடி வரைக்கும் தரவு ரேமிலேயே காத்திருக்கலாம். காலியா இருக்கிற நினைவகத்துல 20 சதவீதம் வரைக்கும் இப்படிச் சேரலாம். 8 ஜிபி ரேம் இருக்கிற பொட்டியில இது ஒரு ஜிபிக்கு மேல போகும். அதனால நகலெடுக்கிற பட்டை 100 சதவீதம் காட்டும், பொட்டி மூடிக்கும், குச்சிக்குள்ள பாதிகூடப் போயிருக்காது. வாடிக்கையாளர் "முடிஞ்சுதாண்ணா?"ன்னு கேப்பார், கடைக்காரர் பிடுங்கிக் கொடுப்பார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தா கல்யாண வீடியோ பாதியில நிக்கும்.

இதுல ஒரு நுணுக்கம். ஃபேட்32 குச்சிகளுக்கு யுடிஸ்க்ஸ் 'ஃப்ளஷ்'னு ஒரு விருப்பத்தைச் சேர்த்தே ஏற்றுது, அதனால தரவு சீக்கிரம் இறங்கிடும். ஆனா ஃபேட்32-ல 4 ஜிபியைத் தாண்டின கோப்பு வைக்க முடியாது. வீடியோக்காரர்கள் எல்லாரும் எக்ஸ்ஃபேட்டுக்குப் போயிட்டாங்க. அங்க இந்த சலுகை கிடையாது. யாருடைய கோப்பு பெருசோ, யாருக்கு இன்னொரு பிரதி எடுக்க நேரமில்லையோ, சரியா அவங்க தலையிலதான் விடியுது.

விண்டோஸைத் திட்டியே பழகின நாம இதைக் கொஞ்சம் கவனிக்கணும். 2018-ல வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்புல இருந்து, வெளிக் கருவிகளுக்கு 'உடனடி அகற்றல்'தான் இயல்பு அமைப்பு. வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல, ஜனங்க பிடுங்கத்தான் போறாங்கன்னு ஒத்துக்கிட்டாங்க. லினக்ஸ்ல இந்தப் பிரச்சினை தெரியாமலா இருக்கு? 2013-லயே கெர்னல் ஆட்கள் மத்தியில பெரிய விவாதம் நடந்து, இந்த இயல்பு அளவெல்லாம் இந்தக் காலத்துக்கு ரொம்ப அதிகம்னு லினஸ் டோர்வால்ட்ஸே சொன்னார். 2023-ல வந்த 6.2 கெர்னல்ல, ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை பைட்தான் காத்திருக்கலாம்னு தனித்தனியா வரம்பு போடற வசதியும் வந்துடுச்சு. கருவி கையில இருக்கு, குச்சிகளுக்கு அதை இயல்பாவே போட்டுக் கொடுக்கலாம். பெரும்பாலான வழங்கல்கள் அதைச் செய்யறதில்ல. கேட்டா, "பயனர் இறக்கிட்டுத்தான் பிடுங்கணும்"னு பதில். பயனரை மாத்தறது ஈசியா, ஒரு வரி அமைப்பை மாத்தறது ஈசியா?

ஏறலேன்னாலும் இதே அலட்சியம்தான். விண்டோஸை முழுசா அணைக்காம வேகத் துவக்கத்துல விட்ட என்டிஎஃப்எஸ் டிஸ்க் ஏறாது, இல்ல படிக்க மட்டும் ஏறும். வெள்ளைக்காரர் கொண்டு வர்ற மேக் குச்சி ஏபிஎஃப்எஸ்ஸா இருந்தா லினக்ஸ் கெர்னலுக்கு அது தெரியவே தெரியாது, பழைய எச்எஃப்எஸ் பிளஸ்ஸா இருந்தா பெரும்பாலும் படிக்க மட்டும். இதையெல்லாம் மனுஷ பாஷையில சொல்லலாமே? சொல்றதில்ல. 'தவறான கோப்பு முறைமை, தவறான விருப்பம், மோசமான சூப்பர் பிளாக்'னு ஒரு மந்திரம் வரும். கடைக்காரர் குச்சி செத்துப்போச்சுன்னு திருப்பிக் கொடுத்துடுவார். அந்தக் குச்சி நல்லாத்தான் இருக்கும்.

ஒரு குச்சி சமாச்சாரத்துக்கு இவ்வளவு கோவமான்னு கேக்கறவங்களுக்கு. தமிழ்நாட்டுல லினக்ஸுக்கு வாய்ப்பு கிடைக்காம போகல. 2006-07 வாக்கில எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கு மாத்திக் காட்டினார். 2007-ல சி-டாக்கோட பாஸ் லினக்ஸ் வந்துச்சு. 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச இலவச மடிக்கணினித் திட்டத்துல விண்டோஸோட கூடவே பாஸும் பசங்க கைக்குப் போச்சு. கிராமத்துப் பசங்க வீட்டுக்கு முதல் தடவையா ஒரு திறமூல இயங்குதளம் போய்ச் சேர்ந்தது. அவங்கள்ல எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்து விண்டோஸுக்கே திரும்பினாங்க? பெரிய கொள்கைக் காரணம் எதுவும் இருக்காதுங்கிறது என் கணிப்பு. பாட்டு வைக்க குச்சியைச் செருகியிருப்பான், ஏதோ மந்திரம் வந்திருக்கும், மூடிட்டுப் போயிருப்பான். சுதந்திரம், கட்டற்ற மென்பொருள்னு நாம மேடையில பேசறதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துல தோத்துப் போகுது.

அதனால, தமிழ்ல லினக்ஸ் பத்தி எழுதற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள், வேண்டுகோள்கூட இல்ல, சண்டைதான். முதல் பாடமா சூடோ மவுண்டை எழுதாதீங்க. 'நீக்கும் ஊடகம்'ங்கிற இடத்துல, நிரல் எதையும் கேக்காதே, ஓட்டாதேங்கிற அமைப்பை டிக் பண்ணச் சொல்லுங்க. கடையில லினக்ஸ் வச்சிருக்கிறவருக்கு, அடைவு தானா திறக்கிறதை நிறுத்தி, ஏறுவதை மட்டும் விட்டுவைக்கக் கத்துக்கொடுங்க. ஓப்பன்பாக்ஸ், ஐ3 மாதிரி எளிய சாளரம் வச்சிருக்கிறவங்களுக்கு யுடிஸ்கி போதும்னு சொல்லுங்க. பட்டை 100-ஐத் தொட்டாலும் 'வெளியேற்று' அழுத்தி, பாதுகாப்பா எடுக்கலாம்னு செய்தி வந்த பிறகுதான் பிடுங்கணும்ங்கிறதைக் கொட்டை எழுத்துல போடுங்க. டெர்மினல் பிரியர்கள் 'சிங்க்' அடிச்சுட்டு அது முடியற வரைக்கும் காத்திருங்க. தமிழாக்கம் பண்ற புண்ணியவான்கள் அந்தப் பிழைச் செய்தியை மட்டும் முதல்ல எடுத்து, படிக்கிற மாதிரி எழுதுங்க.

செருகினா ஏறட்டும். தானா எதுவும் ஓட வேண்டாம். பட்டை முடிஞ்சுதுன்னா நிஜமாவே முடிஞ்சிருக்கட்டும். 1971-ன் ஆபரேட்டர் வேலையை ஜெராக்ஸ் கடைக்காரர் தலையில கட்டறதுக்குப் பேர் சுதந்திரம் இல்ல.

டிஸ்கி: "நான் 15 வருஷமா கையாலதான் மவுண்ட் பண்றேன், எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்ல வர்ற அண்ணன்மார்களுக்கு, பவுர்ணமி சாயங்காலம் ஒரு ஜெராக்ஸ் கடை கல்லாவுல உக்காந்துட்டு வந்து அப்புறம் சொல்லுங்க. கேட்டுக்கறேன்.